பழைய சீக்கோ 007 வாங்கவா, புது 5 ஸ்போர்ட்ஸ் வாங்கவா? டைவிங் போகணும், சொல்லுங்க

கடலூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. பாண்டிச்சேரில ஓப்பன் வாட்டர்னு ஸ்கூபா டைவிங் ஆரம்ப கோர்ஸுக்கு பணம் கட்டிட்டேன், அடுத்த மாசம் ஆரம்பம், அதுக்கு முன்னாடி கையில ஒரு டைவ் வாட்ச் இருக்கணும்னு ஆசை. பட்ஜெட் முப்பதாயிரத்துக்குள்ள. ரெண்டு வாரமா பாத்து பாத்து கடைசில ரெண்டுல வந்து நிக்குது.

ஒண்ணு, புது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எஸ்ஆர்பிடி 55, கறுப்பு டயல், ஸ்டீல் செயின். கடைல கட்டிப் பாத்தேன், நல்லா இருக்கு, வாரண்டி இருக்கு, பில்லு இருக்கு. ரெண்டாவது, செகண்ட் ஹேண்ட் எஸ்கேஎக்ஸ் 007. விழுப்புரத்துல ஒருத்தர் விக்கிறாரு, கிட்டத்தட்ட புதுசு விலையேதான் சொல்றாரு, 2015-ல வாங்குனதுன்னு சொன்னாரு, பின்மூடில சீரியல் நம்பர் 9என்-ல ஆரம்பிக்குது. போட்டோ எல்லாம் நல்லா இருக்கு, வீடியோவும் அனுப்புனாரு, அதுல கிரவுன, அதான் பக்கத்துல இருக்கற திருகுற குமிழ, இழுத்ததும் செகண்ட் முள் டக்குன்னு நின்னுச்சு, சாவி குடுத்தா ஸ்மூத்தா சுத்துது, ஆக மெஷின் நல்ல கண்டிஷன்லதான் இருக்குன்னு தோணுது.

எனக்கு மனசு பழசு மேலதான் போகுது, ஏன்னு சரியா சொல்லத் தெரியல, அந்த டயல்ல டைவர்ஸ் 200 மீட்டர்னு எழுதியிருக்கறத பாக்கும்போதே ஒரு இது. ஆனா வீட்டுல, அதே காசுக்கு புதுசே கிடைக்கும்போது யாரோ கட்டுனத எதுக்கு வாங்கணும்னு கேக்குறாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு, உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. என் மணிக்கட்டு ஒல்லி, அதையும் மனசுல வச்சுக்கங்க.


கோவை டிக்டிக்:

ப்ரோ கண்ண மூடிட்டு புதுசு வாங்குங்க. நான் எஸ்ஆர்பிடி ரெண்டு வருஷமா கட்டுறேன், ஒரு குறை இல்ல. உள்ள இருக்கறது 4ஆர்36-ங்கற மெஷின், கிரவுன இழுத்தா முள் நிக்கும், கையால சாவி குடுக்கலாம், பின்பக்கம் கண்ணாடி வழியா மெஷின் சுத்துறது தெரியும். பழசுல இருக்கறது 7எஸ்26, அது நல்ல உழைப்பாளிதான் மறுக்கல, ஆனா டெக்னாலஜி பழசு. வாரண்டிய விட்டுட்டு முன்பின் தெரியாத ஆள்கிட்ட அதே காசு குடுக்கறது எனக்கு சரியா படல. கேஸ் ஷேப், சைஸ், 4 மணி பக்கம் கிரவுன் எல்லாமே கிட்டத்தட்ட அதேதான், 2019-ல இத விட்டப்பவே எல்லாரும் இது 007-ஓட வாரிசுன்னுதானே சொன்னாங்க. நீச்சலுக்கு, மழைக்கு, பைக்ல போறதுக்கு, எல்லாத்துக்கும் தாங்கும்.


தேக்கா சுரங்கம்:

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், 007 பத்தி யாராவது பேசுனா எழுதாம இருக்க முடியல. 2006-ல முஸ்தஃபா சென்டர்ல வாங்குனேன், அப்ப நான் ஷிப்யார்டுல வேலை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா போயி சாமான் வாங்கிட்டு, அந்த வாட்ச் செக்‌ஷன்ல கண்ணாடிப் பெட்டி முன்னாடி அரைமணி நேரம் நிப்பேன், மூணு மாசம் பாத்து பாத்துதான் வாங்குனேன். வெல்டிங், கிரைண்டிங், டேங்க் உள்ள வேலை, எல்லாத்துலயும் கையிலதான் கிடந்துச்சு. பெசல், அதான் கண்ணாடிய சுத்தி இருக்கற சுத்துற வளையம், அது மேல இருக்கற நம்பர் தட்ட ஒருதடவை மாத்துனேன், கண்ணாடி ஒருதடவை, அவ்ளோதான். இன்னிக்கும் ஓடுது, ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு செகண்ட் முன்ன பின்ன போகும், அத நான் பெருசா எடுத்துக்கறதில்ல.

1996-ல இருந்து 2019 வாக்குல வரைக்கும் ஒரே டிசைன்ல போட்டாங்க தம்பி, இருபது வருஷத்துக்கு மேல. அதனால பார்ட்ஸ் எங்க தேடுனாலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரிஞ்ச மெஷின். 41 மணிநேரம் கழட்டி வச்சா நின்னுடும், அப்புறம் கையில எடுத்து நாலு ஆட்டு ஆட்டுனா திரும்ப ஓட ஆரம்பிக்கும், சாவி குடுக்கற வசதி கிடையாது, ஆனா தினமும் கட்டுறவனுக்கு அது தேவையே படாது. உங்க மனசு எதுல போகுதோ அதையே வாங்குங்க.


ஆழிமகள்:

நான் ஸ்கூபா சொல்லிக்குடுக்கற ஆளு, எட்டு வருஷமா. வாட்ச் கலெக்‌ஷன் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தண்ணிக்குள்ள என்ன நடக்கும்னு மட்டும் சொல்றேன்.

கோவை சகோ சொன்ன ஒரு விஷயத்துல நான் ஒத்துப்போக மாட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. 5 ஸ்போர்ட்ஸ் பின்மூடிய படிச்சுப் பாருங்க, 10 பார்னு இருக்கும், அதாவது 100 மீட்டர் கணக்கு, கிரவுன் வெறுமனே அழுத்தற வகை, திருகி மூடற வகை இல்ல. 10 பார்னு மட்டும் போட்ட வாட்ச் நீச்சலுக்கு சரி, ஸ்நார்கல் போட்டு மேல மிதக்கறதுக்கு சரி, சிலிண்டர் மாட்டிட்டு இறங்கறதுக்கு இல்லன்னு சீக்கோ கம்பெனியே தன்னோட மேனுவல்ல சொல்லுது. 007-ல டயல்லயே டைவர்ஸ்னு இருக்கே, அது சும்மா அழகுக்கு எழுதற வார்த்தை இல்ல, ஐஎஸ்ஓ 6425-னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல பாஸானாதான் அந்த வார்த்தைய போடலாம். இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து நேரம் தெரியணும், வாட்ச் ஓடுதா நின்னுபோச்சான்னு தெரியணும், போட்டிருக்கற ஆழத்த விட கால்வாசி கூடுதல் பிரஷர்ல வச்சு செக் பண்ணணும், இப்படி பலது இருக்கு.

நீங்க கேக்கலாம், ஓப்பன் வாட்டர்ல 18 மீட்டர்தானே இறங்கப்போறோம், 100 மீட்டர் வாட்ச் எதுக்கு பத்தாதுன்னு. 18 மீட்டர்ல தண்ணி அழுத்தம் ரெண்டு பாருக்கும் கம்மிதான், உண்மை. புது வாட்ச்ல வாஷர் எல்லாம் புதுசா இருக்கும்போது ஒண்ணும் ஆகாமலே கூட இருக்கலாம். பிரச்சினை ஆழம் இல்ல சகோ, கிரவுன். டாங்க் மாட்டும்போது, பிசிடி, அதான் காத்தடைச்சு மாட்டிக்கற டைவிங் ஜாக்கெட், அதோட ஸ்ட்ராப்ப இழுக்கும்போது, படகு ஏணிய புடிக்கும்போது கிரவுன்ல எதாவது மாட்டி ஒரு மில்லிமீட்டர் வெளிய வந்துட்டா போச்சு. திருகி மூடுன கிரவுன் அப்படி தானா வெளிய வராது. நானே என் பழைய வாட்ச்ல ஒருநாள் அவசரத்துல கிரவுன முழுசா திருகாம இறங்கிட்டேன், பன்னெண்டு மீட்டர்ல பாக்கறேன், கண்ணாடிக்குள்ள பாதிக்கு தண்ணி. அந்த வாட்ச் எங்கம்மா குடுத்தது, அதுக்கப்புறம் சரியாகவே இல்ல.

இன்னொண்ணு பெசல். இறங்க ஆரம்பிக்கும்போது முக்கோணத்த நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சுடுவோம், எத்தன நிமிஷம் ஆச்சுன்னு ஒரே பார்வைல தெரியும். அது ஒரு பக்கம் மட்டும்தான் சுத்தும், எங்கயாவது இடிச்சு நகந்தாலும் நேரம் கூடுதலா ஆனதாதான் காட்டும், நாம சீக்கிரம் மேல வருவோம், ஆபத்து இல்ல. 007-ல அந்த முக்கோணத்துல ஒளிர்ற புள்ளி இருக்கும், 5 ஸ்போர்ட்ஸ்ல அது இல்ல. கலங்கல் தண்ணில இந்த சின்ன புள்ளி எவ்ளோ உதவும்னு இறங்குனவங்களுக்கு தெரியும்.

இப்பல்லாம் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு பாத்து சொல்ற டைவ் கம்ப்யூட்டர்தான் முக்கியம், கோர்ஸ்லயும் அதத்தான் கட்டிவிடுவாங்க. வாட்ச் பேக்கப். ஆனா பேக்கப்பா இருந்தாலும் தண்ணி உள்ள போகக்கூடாதுல்ல.


கோவை டிக்டிக்:

அக்கா இந்த கிரவுன் விஷயம் நான் யோசிக்கவே இல்ல, நான் கட்டுறது ஆபீஸுக்கும் குளத்துக்கும்தான். சரி, அப்ப புதுசுலயே 200 மீட்டர் இருக்கே, சீக்கோ டர்ட்டில் எஸ்ஆர்பிஇ 93, அதே 4ஆர்36 மெஷின், திருகு கிரவுன், முறையான டைவர். இல்லன்னா சிட்டிசன் ப்ரோமாஸ்டர் பிஎன்0150, சூரிய வெளிச்சத்துல சார்ஜ் ஆகற ஈக்கோ-டிரைவ், அதுவும் 200 மீட்டர், நேரமும் குவார்ட்ஸ் துல்லியம். பழசுதான் வேணும்னு இல்லாம டைவிங்தான் முக்கியம்னா சிட்டிசன் பெஸ்ட்.


கடலூர்க்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா உங்க பதில வீட்டுலயும் படிச்சு காட்டுனேன், 5 ஸ்போர்ட்ஸ் வேணாம்னு இப்ப ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். டர்ட்டில கட்டிப் பாத்தேன் ப்ரோ, 45 மில்லிமீட்டர், என் கைக்கு தட்டு கவுத்து வச்ச மாதிரி அகலமா நிக்குது. 007 நாப்பத்திரண்டு சொச்சம்தான், மேல இருந்து கீழ 46-ன்னு போட்டிருக்கான், சரியா உக்காரும். சிட்டிசன் நல்ல ஐடியா, ஆனா எனக்கு ஆட்டோமேட்டிக்தான் வேணும், கை அசைய அசைய ஓடற அந்த விஷயம் எனக்கு புடிச்சிருக்கு. அப்ப விழுப்புரம் ஆளுக்கு ஓகே சொல்லிடவா?


மேலமாசி வீதி மெக்கானிக்:

தம்பி கொஞ்சம் பொறு, அட்வான்ஸ் எதுவும் போட்டுடாத.

நான் வாட்ச் ரிப்பேர் பாக்கறவன், எங்கப்பா காலத்துல இருந்து கடை, அப்பா ஹெச்எம்டி பாத்தாரு, நான் பெரும்பாலும் சீக்கோ, சிட்டிசன். நீ முதல்ல எழுதுனத மறுபடி படி. கிரவுன இழுத்ததும் செகண்ட் முள் நின்னுச்சு, சாவி குடுத்தா சுத்துதுன்னு எழுதியிருக்க. 007-ல இருக்கறது 7எஸ்26. அந்த மெஷின்ல கிரவுன இழுத்தாலும் செகண்ட் முள் நிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். கையால சாவியும் ஏறாது. சிங்கப்பூர் அண்ணனும் மேல அதத்தான் சொல்லியிருக்காரு. ஆக உள்ள இருக்கறது ஒரிஜினல் மெஷின் இல்ல, யாரோ என்ஹெச்36 போட்டிருக்காங்க, அது 4ஆர்36-தான், சீக்கோ வெளி ஆளுங்களுக்கு விக்கிற பேரு வேற, அவ்ளோதான்.

அது கெட்டதுன்னு நான் சொல்லல. சொல்லப்போனா மெஷினா பாத்தா ஒரு படி மேல. நிறைய பேரு ஆசைப்பட்டே மாத்திக்குவாங்க, நானே மாத்திக் குடுத்திருக்கேன். ஆனா அத சொல்லி விக்கணும், சொல்லலன்னா ஒண்ணு அந்த ஆளுக்கே தெரியாது, இல்ல மறைக்கிறாரு. அதோட, மெஷின் மாத்துனவன் பின்மூடிய தொறந்திருக்கான், கிரவுன் தண்ட வெட்டி போட்டிருக்கான், வாஷர திரும்ப சரியா உக்கார வச்சானா, சிலிக்கான் கிரீஸ் போட்டானா, கடவுளுக்குத்தான் தெரியும். தண்ணி பூர்ற வழி எல்லாத்துலயும் ஒருத்தன் கை வச்சிருக்கான்.

இன்னொண்ணு, சீரியல். சீக்கோல சீரியல் நம்பரோட முதல் எழுத்து வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் நம்பர், அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 9என்-னா ஒம்பதுல முடியற வருஷம் நவம்பர். 2015-னா அஞ்சுல ஆரம்பிக்கணும். அப்ப இது 2009, இல்ல 1999. பழைய மெஷின் இருந்திருந்தா அதுமேல 7எஸ்26-க்கு பின்னாடி ஏ, பி, சி-ன்னு ஒரு எழுத்து இருக்கும், ஏ பழசு, சி கடைசி, அத வச்சு ஓரளவு சொல்லியிருக்கலாம், இப்ப மெஷினே போனதால அந்த சாட்சியும் போச்சு. ஆறு வருஷம் தள்ளி 2015-ல கடைல வாங்கியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆளு பொய் சொல்றாருன்னு நான் முடிவு கட்டல.

நேர்ல போ. போட்டோவ நம்பாத. போனா இதையெல்லாம் பாரு. பின்மூடில அந்த அலை படம் எவ்ளோ தெளிவா புடைச்சிருக்கு, மழுங்கிப்போயிருந்தா நல்லா உழைச்ச வாட்ச், இல்ல பாலிஷ் போட்டது. ஸ்ட்ராப் மாட்டற கொம்பு நாலும் கூரா இருக்கா, சோப்புக்கட்டி மாதிரி உருண்டு போச்சா. கிரவுன வெளிய திருகி மறுபடி உள்ள திருகு, மெதுவா கையோட ஏறணும், நடுவுல பிடிச்சுதுன்னா, வழுக்குச்சுன்னா மரை போயிருக்கு, அந்த ஒண்ணுக்காகவே வேணாம்னு வந்துடலாம். ரேடியம், நாம அப்படி சொல்லிட்டோம், சீக்கோ அதுக்கு லூமிபிரைட்னு பேரு வச்சிருக்கு, ரேடியம் கீடியம் எதுவும் அதுல கிடையாது, போன் லைட்ட பத்து செகண்ட் காட்டிட்டு இருட்டுல பாரு. டயல்லயும் முள்ளுலயும் ஒரே நிறத்துல ஒரே மாதிரி எரியணும், முள்ளு பளிச்சுன்னும் டயல் மங்கலாவும் இருந்தா எதோ ஒண்ணு மாத்துனது. பெசல் 120 கிளிக், ஒவ்வொண்ணா கேக்கணும். கிழமையும் தேதியும் ஜன்னல்ல நேரா நிக்குதான்னு பாரு, இந்த வாட்ச்ல கிரவுன் 4 மணி பக்கம் தள்ளி இருக்கறதால, மெஷின் மாத்தும்போது பழைய மெஷின்ல இருந்த கிழமை தேதி தட்ட எடுத்து இதுல போடணும், சோம்பேறித்தனமா அப்படியே போட்டா எழுத்து சாஞ்சு நிக்கும். நேரா இருந்தா, செஞ்சவன் வேல தெரிஞ்சவன்.

வாங்கறதா இருந்தா அவரையே கூட்டிட்டு ஒரு நல்ல கடைக்கு போயி பின்மூடிய தொறந்து பாத்துட்டு வாங்கு. அவரு மாட்டேன்னு சொன்னா நீயும் மாட்டேன்னு சொல்லிடு.


தேக்கா சுரங்கம்:

அண்ணே என் கண்ணுல படல பாருங்க, இருபது வருஷமா கையில கட்டியிருக்கேன், அந்த முள்ளு விஷயத்த படிச்சுட்டு தாண்டிட்டேன். தம்பி மெக்கானிக் அண்ணன் சொல்றபடி செய்ங்க.


ஆழிமகள்:

மெஷின் எதுவா வேணா இருக்கட்டும், எனக்கு அதுல கவலை இல்ல. பிரஷர் டெஸ்ட் பண்ணாம தண்ணில இறக்கவே கூடாது, அது 1999-ஆ இருந்தாலும் 2009-ஆ இருந்தாலும். டயல்ல எழுதுன 200 மீட்டர் அந்த வாட்ச் பெட்டில இருந்து வெளிய வந்த நாளைக்குத்தான். ரப்பர் வாஷர் வயசாகும், உப்புத்தண்ணி, வியர்வை, சோப்பு, வெந்நீர் குளியல், எல்லாமே அத சாப்பிடும்.


கடலூர்க்காரன்:

அப்டேட் போட லேட் ஆயிடுச்சு, மன்னிக்கணும், ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன்.

மெக்கானிக் அண்ணா, நீங்க சொன்னது அப்படியே. போன உடனே அவர்கிட்ட முள்ளு விஷயத்த கேட்டேன், மனுஷன் முழிச்சாரு, உண்மையிலேயே அவருக்கு தெரியல. அவரும் செகண்ட் ஹேண்டாதான் வாங்கியிருக்காரு 2015-ல, எனக்கு சொன்ன வருஷம் அதுதான், புதுசா வாங்குனதுன்னு நாந்தான் நெனச்சுக்கிட்டேன். கூட வாங்கன்னதும் மறுபேச்சு பேசாம வந்தாரு, ஒரு கடைல ஒக்காந்து தொறந்தோம். என்ஹெச்36-ன்னு தெளிவா எழுதியிருந்துச்சு, உள்ள சுத்தமா இருந்துச்சு, துரு கிடையாது, கிழமை தேதி நேரா இருக்கு. பின்மூடி வாஷர் மட்டும் தட்டையா நசுங்கி, எடுக்கும்போதே ரெண்டு இடத்துல வெடிச்சிருந்துச்சு. நீங்க சொல்லலன்னா இதோடவே தண்ணில இறங்கியிருப்பேன், நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

கிரவுன் மரை நல்லா இருக்கு, அலை படம் கொஞ்சம் மழுங்கல், கொம்பு கூரா இருக்கு. ரேடியம் டயல்லயும் முள்ளுலயும் ஒரே மாதிரி எரியுது. ஒரிஜினல் மெஷின் இல்ல, வாஷர் எல்லாம் மாத்தணும்னு பேசி ஏழாயிரம் குறைச்சாரு, அவரா மனசார குறைச்சாரு. வாங்கிட்டேன்.

அங்கயே பின்மூடி வாஷர், கிரவுன் வாஷர், கண்ணாடிக்கு கீழ இருக்கற வாஷர், மூணும் புதுசு போட்டாச்சு. கடைல இருந்த மெஷின் 10 பார் வரைக்கும்தான் டெஸ்ட் பண்ணும், அதுல முதல்ல காத்துல, அப்புறம் தண்ணில, ரெண்டுலயும் பாஸ். கடைசியா அந்த மெக்கானிக் வாட்ச இளஞ்சூடா சூடுபண்ணி கண்ணாடி மேல ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணி விட்டு ஒரு நிமிஷம் வச்சு தொடச்சாரு, உள்பக்கம் பனி புடிச்சா ஈரம் இருக்குன்னு அர்த்தமாம், எதுவும் புடிக்கல. மெக்கானிக் அண்ணா, இத நீங்களும் செய்வீங்களா?


மேலமாசி வீதி மெக்கானிக்:

செய்வேன் தம்பி, ஆழிமகள் சொன்னாங்களே அந்த ஐஎஸ்ஓ டெஸ்ட்லயே அது இருக்கு, 40, 45 டிகிரிக்கு சூடு பண்ணி செய்யணும். உன் மெக்கானிக் தொழில் தெரிஞ்ச ஆளு, அவர விட்டுடாத. 10 பார் உனக்கு தாராளம், நீ போறது அதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. ஒவ்வொரு தடவை கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணில ஒரு பத்து நிமிஷம் போட்டு வை, பெசல சுத்தி சுத்தி அலசு, உப்பு அதுக்கு அடியிலதான் தங்கும். கிரவுன ஈரக்கையோட தொறக்காத. டைவிங் தொடர்ந்து போறதா இருந்தா வருஷத்துக்கு ஒருதடவை பிரஷர் பாத்துடு.

அந்த பழைய 7எஸ்26 கிடைச்சா அவர்கிட்ட கேட்டு வாங்கி வை, முன்னாடி வித்தவன்கிட்ட இன்னும் கிடக்கலாம். ஓடலன்னாலும் பரவால்ல.


கடலூர்க்காரன்:

கேட்டுட்டேன் அண்ணா, விசாரிச்சு சொல்றேன்னாரு. வர்ற சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு படகு. அக்கா, போறதுக்கு முன்னாடி வேற எதாவது இருக்கா?


ஆழிமகள்:

படகுல ஏறுனதும் ஒருதடவை, தண்ணில குதிக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை, கிரவுன தொட்டுப் பாருங்க. தண்ணிக்குள்ள போனப்புறம் அத தொடவே தொடாதீங்க. வெட்சூட், அதான் டைவிங் டிரஸ், அது மேல கட்ட ஸ்டீல் செயின் பத்தாது, நீள ரப்பர் ஸ்ட்ராப் 22 மில்லிமீட்டர்ல ஒண்ணு வாங்கிட்டு போங்க.